உப்பின் வேர்

ஆறுமுகநேரி உப்பளத்தில் வாரிக் குவிப்பதை எபிரேயர் 'மெலஹ்' என்பர்; பக்கத்துக் காயல்பட்டினத்தில் அரபி ஓதியவர்களுக்கு அது 'மில்ஹ்'. இரண்டுக்கும் ம்-ல்-ஹ் என்ற மூன்று மெய்களே வேர், உயிரொலிதான் மாறுகிறது. எபிரேயத்தில் மாலுமி 'மல்லாஹ்'. உப்புக்கடலில் போகிறவன் என்று முடிச்சுப் போடத் தோன்றும். கூடாது! அது சுமேரியச் சொல்; அக்காடிய மொழி வழியாக வந்து ஏறிக்கொண்டது. சாயல் ஒத்தவரெல்லாம் பங்காளி ஆகிவிடுவார்களா என்ன? தமிழில் அந்த உறவு மெய்யாகவே உண்டு: 'உவர்' உப்புத்தன்மை, 'உவரி' கடல். கடற்கரையோடு தெற்கே போய் மணப்பாட்டைத் தாண்டினால் உவரி என்று ஓர் ஊரே இருக்கிறது.