தேடுவதும் தள்ளுவதும்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் உண்டு. காட்டுவழியே சென்ற பாணர் கூட்டம் ஒரு வேடனைக் காண்கிறது. அவன் எய்த அம்பு யானையை வீழ்த்தி, மேலும் பல விலங்குகளை ஊடுருவிச் சென்று நிற்கிறது. அவன் தன்னை இன்னார் என்று கூறிக்கொள்ளவில்லை. அம்பின் ஆற்றலையும் அவனது தோற்றத்தையும் கண்ட புலவரோ, இவன் ஓரியாகத்தான் இருக்க வேண்டும் என்று உய்த்துணர்கிறார். ஒருவரை அவரது செயலைப் பார்த்து அறிந்துகொள்வது என்றால் என்ன என்பதை இப்பாட்டு நமக்குக் காட்டுகிறது.

ஓரியின் மலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அதன் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மலையாளிப் பழங்குடி இளைஞர்கள் வேலை தேடிக் கீழே இறங்குகிறார்கள். நாமக்கல்லின் கோழிப் பண்ணைகளும் லாரிப் பட்டறைகளும், திருப்பூரின் பனியன் கம்பெனிகளும் அவர்களை அழைக்கின்றன. முன்பெல்லாம் தெரிந்தவர் ஒருவரின் வாய்ச்சொல், பங்குக் குருவின் கடிதம், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்த பதிவு ஆகியவையே வேலைக்கு வழி. இன்று கைப்பேசியிலேயே விண்ணப்பம் போகிறது. அதை முதலில் படிப்பவர் மனிதராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை.

ஆள் எடுக்கும் பணிக்குச் செயற்கை நுண்ணறிவைத் துணையாக வைத்துக்கொள்வது பெரிய நிறுவனங்களில் பரவி வருகிறது. லிங்க்டின் நிறுவனம் 2024 அக்டோபரில் இத்தகைய உதவியாளர் ஒன்றை அறிமுகப்படுத்தியது. தமக்கு எத்தகைய ஆள் தேவை என்று அதிகாரி சாதாரண மொழியில் சொன்னால் போதும். அது பல்லாயிரம் பேரின் விவரங்களைத் துழாவி, பொருத்தமானவர்களைப் பட்டியலிட்டு, அவர்களுக்கு அனுப்ப வேண்டிய மடலையும் எழுதிக் கொடுக்கிறது. ஒருவர் பல நாள்கள் செய்த வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. இதில் அறநெறி சார்ந்த கேள்வி ஏதும் உண்டா? உண்டு என்பதே நமது எண்ணம்.

கொல்லிமலைப் பெண் ஒருத்தியைக் கற்பனை செய்து பார்ப்போம். அவள் பிளஸ் டூ முடித்தவள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் மகளிர் சுய உதவிக் குழுக்களோடு சேர்ந்து சாமை, தினை போன்ற சிறுதானியங்களைப் பதப்படுத்தி விற்கும் பணியை நடத்தியிருக்கிறது. அத்தகைய குழு ஒன்றில் அவள் அரவை இயந்திரத்தைக் கவனித்தாள், கணக்கு எழுதினாள், வியாபாரியிடம் விலை பேசினாள். பின்னர் நோயுற்ற தாயைப் பேணுவதற்காக இரண்டாண்டுகள் வீட்டில் இருந்தாள். அவளுடைய பயோடேட்டாவில் இவற்றில் எது தெரியும்? ஒரு வரிப் படிப்பும் இரண்டாண்டு வெற்றிடமும்தான் தெரியும். நேரில் பார்ப்பவர் ஐந்து நிமிடத்தில் அவளது திறமையைக் கண்டுகொள்வார். இயந்திரமோ வெற்றிடத்தைத்தான் காணும்.

இயந்திரத்துக்குத் தனியே ஓர் அறிவு வந்துவிடவில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது. கடந்த காலத்தில் மனிதர் செய்த தேர்வுகளிலிருந்தே அது கற்றுக்கொள்கிறது. அமேசான் நிறுவனம் 2014இல் இத்தகைய கருவி ஒன்றை உருவாக்கத் தொடங்கியது. பத்தாண்டுகளில் வந்திருந்த விண்ணப்பங்களை அதற்குப் பாடமாகக் கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஆகவே, பெண்களுக்குரிய சங்கம், பெண்கள் கல்லூரி போன்ற குறிப்புகள் உள்ள விண்ணப்பங்களைக் கருவி கீழே தள்ளியது. திருத்திப் பார்த்தும் நம்பிக்கை வராமல் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். 2018இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இதை வெளிப்படுத்தியது.

அப்படியானால், மனிதர் தேர்ந்தெடுத்தால் நீதி, இயந்திரம் தேர்ந்தெடுத்தால் அநீதி என்று எளிதாகத் தீர்ப்பிட்டுவிடலாமா? முடியாது. சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் என்னும் ஆய்வாளர்கள், நம் நாட்டின் தனியார் நிறுவனங்களுக்கு ஒரே தகுதியுடைய விண்ணப்பங்களை வெவ்வேறு குடிப்பெயர்களில் அனுப்பிச் சோதித்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். தலித் பெயருக்கும் இஸ்லாமியப் பெயருக்கும் அழைப்புகள் குறைவாகவே வந்தன. அந்த விண்ணப்பங்களை ஒதுக்கியவை மனிதக் கைகளே. குருவின் பரிந்துரைக் கடிதமும் குருவை அறிந்தவருக்குத்தானே கிடைக்கிறது? சிபாரிசுக்கு ஆள் இல்லாத மலைவாழ் இளைஞரை, அவர் பெயரையே கேள்விப்பட்டிராத நிறுவனத்திடம் ஓர் இயந்திரம் கொண்டுபோய்ச் சேர்க்குமானால், அதை நாம் நன்றியோடு வரவேற்கத்தான் வேண்டும்.

எனவே, வேறுபாட்டை வேறோர் இடத்தில் காண வேண்டியிருக்கிறது. தேடுவது ஒரு செயல். தள்ளுவது மற்றொரு செயல். தேடுகிறவரின் கண் தொலைவில் உள்ளவரையும் எட்டுவது நன்று. அதற்குக் கருவி உதவட்டும். ஆனால், ஒருவரை வேண்டாம் என்று ஒதுக்குவது அவரது வாழ்வின்மீது அளிக்கப்படும் தீர்ப்பு. தீர்ப்பு அளிக்கிறவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். சாதி பார்த்து ஒதுக்கிய அதிகாரியை ஒருநாள் எதிரில் நிறுத்தி "ஏன்?" என்று கேட்க முடியும், அவரது மனச்சான்றும் அவரைக் கேட்கும். இயந்திரத்துக்கு மனச்சான்று இல்லை. அதை வைத்திருப்பவரோ "கணினி அப்படிச் சொல்லிவிட்டது" என்று ஒதுங்கிக்கொள்கிறார். தவறு நடக்கிறது, தவறுக்கு உரியவர் மட்டும் காணாமற்போகிறார்.

இது வெறும் அச்சம் அன்று. அமெரிக்காவில் ஐட்யூட்டர் குழுமம் என்னும் நிறுவனத்தின் மென்பொருள் 55 வயதுக்கு மேற்பட்ட பெண்களையும் 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும் தானாகவே நிராகரித்தது என்று அந்நாட்டின் சம வேலைவாய்ப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது. விண்ணப்பித்த ஒருவர், பிறந்த தேதியை மட்டும் மாற்றி அதே விண்ணப்பத்தை மீண்டும் அனுப்பியபோது, இளையவராகக் காட்டிய விண்ணப்பத்துக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு வந்ததாம். 2023இல் 3,65,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு அந்நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. இரண்டாம் முறை அனுப்பிப் பார்க்கத் தோன்றாத மற்றவர்கள் என்ன எண்ணியிருப்பார்கள்? குறை தங்களிடமே என்றுதானே?

சாமுவேல் முதல் நூலின் 16ஆம் அதிகாரத்தை இங்கே நினைவுகூர்வோம். அரசராகத் திருப்பொழிவு செய்ய வேண்டியவரைத் தேடி இறைவாக்கினர் ஈசாயின் இல்லத்துக்கு வருகிறார். மூத்த மகனின் உயரத்தையும் தோற்றத்தையும் கண்டு இவரே என்று எண்ணிவிடுகிறார். மனிதக் கண்ணும் ஏமாறும் என்பதை விவிலியம் மறைக்கவில்லை. ஏழு மைந்தர்களும் கடந்துபோகிறார்கள். பிறகு சாமுவேல் தந்தையிடம் கேட்ட கேள்விதான் முக்கியமானது: உம் பிள்ளைகள் இவ்வளவு பேர்தானா? ஆடு மேய்க்கப் போயிருந்த கடைசிப் பிள்ளையைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று தந்தைக்கே தோன்றவில்லை. முன்னே கொண்டுவரப்பட்ட பட்டியலோடு சாமுவேல் நிறைவடைந்திருந்தால், தாவீது ஆட்டுக் கிடையிலேயே இருந்திருப்பார்.

இந்தக் கேள்வியைத்தான் இன்று ஆள் எடுப்பவர்கள் கேட்க வேண்டும். நம் வாசகர்களில் பலர் தொழில் நடத்துகிறார்கள். பலர் நிறுவனங்களில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கிறார்கள். நம் பள்ளிகளும் மருத்துவமனைகளும்கூட ஆள் எடுக்கின்றன. ஓர் இடத்துக்கு ஆயிரம் விண்ணப்பம் வந்தால் அத்தனையையும் யார் படிப்பது என்று அவர்கள் கேட்பது நியாயமே. ஆயிரத்தையும் ஒரே கவனத்தோடு படிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எந்த அளவுகோலால் ஒதுக்குகிறோம் என்பதை ஒரு மனிதர் எழுதிக் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்கட்டும். இயந்திரம் ஒதுக்கிய குவியலிலிருந்து ஒவ்வொரு முறையும் சிலவற்றையாவது எடுத்துப் படிக்கட்டும். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டு வருபவருக்கு மறுமொழி கிடைக்கட்டும். இணையத்தில் இல்லாதவர் நேரில் வந்து நிற்க ஒரு வாசல் திறந்திருக்கட்டும். ஆள் எடுப்பதில் இக்கருவியைப் பயன்படுத்துவதை, உயர் ஆபத்துக்குரியது என 2024ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் வகைப்படுத்தியிருப்பதும் இக்காரணங்களாலேயே.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடல், வேலை மனிதருக்காகவே இருக்கிறது என்று கற்பித்தது. வேலையின் மதிப்பு அதைச் செய்யும் ஆளிடமிருந்து பிறக்கிறது. அந்த ஆளையே பாராமல் வேலையைப் பங்கிட்டால், அந்தப் போதனை வெறும் ஏட்டில்தான் நிற்கும்.

ஆண்டவர் சொன்ன உவமையில் திராட்சைத் தோட்டத்தின் உரிமையாளர் ஒரே நாளில் ஐந்து முறை கடைத்தெருவுக்குப் போகிறார். மாலை ஐந்து மணிக்கும் அங்கே சிலர் நிற்கிறார்கள். ஏன் வேலையின்றி நிற்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார். தங்களை யாரும் அமர்த்தவில்லை என்கிறார்கள். அந்த விடைக்குப் பிறகே அவர்களுக்கு வேலை கிடைக்கிறது. உரிமையாளர் தாமே போயிருக்காவிட்டால், அந்தக் கேள்வியைக் கேட்க அங்கே எவரும் இருந்திருக்க மாட்டார்கள்.