எழுந்து போனவர்களை எண்ணாதே!

1877 டிசம்பர் 16, வியன்னா. இசையமைப்பாளர் ஆன்டன் ப்ருக்னரின் மூன்றாவது சிம்பொனி அரங்கேறுகிறது. நடத்தித் தருவதாக இருந்த இசை நடத்துநர் ஹெர்பெக் அக்டோபரிலேயே காலமாகிவிட்டார். ஆர்கெஸ்ட்ராவை நடத்திப் பெரிய பழக்கமில்லாத ப்ருக்னரே கோலைக் கையில் எடுத்தார். வாசிப்பு நடக்க நடக்க, கூட்டம் எழுந்து போய்க்கொண்டே இருந்தது. முடிவில் மிஞ்சியது ஒரு சிறு கும்பல். அவருக்கு அப்போது வயது 53.

மெட்டு அமைக்கிற தோழா, வில் பிடித்து வாசிக்கிற தோழி, உன் தோல்வி இதைவிடப் பெரியதா?

நெஞ்சு நிமிர்ந்தவனுக்குத்தான் தன்னம்பிக்கை வாய்க்கும் என்று யாரோ உனக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நம்பாதே! ப்ருக்னர் நடுங்கியவர். கிராமத்துப் பள்ளி ஆசிரியரின் மகன். லின்ஸ் பேராலயத்தில் ஆர்கன் வாசிக்கிற உத்தியோகம் கிடைத்த பிறகும், சைமன் செக்டர் என்ற ஆசிரியரிடம் பெரும்பாலும் தபால் வழியே ஆறாண்டு இசையிலக்கணம் படித்தவர். 37 வயதில் பரீட்சைக்குப் போய் நின்றவர். மாணவர்கள் குறை சொன்னால்கூடத் தன் படைப்பை அடித்துத் திருத்தியவர். இத்தனை சந்தேகம் உள்ளே குடைந்தும் அந்தக் கை எழுதுவதை விடவில்லை. மனம் நடுங்கினால் நடுங்கட்டும், கை ஓடட்டும்! நான் தன்னம்பிக்கை என்பது அந்தக் கையைத்தான்.

ஐந்தாவது சிம்பொனியைப் பார். 1878-இல் முடித்தார். ஆர்கெஸ்ட்ரா அதை முதன்முதலாக வாசித்தது 1894-இல், கிராட்ஸ் நகரில். நோயில் கிடந்த ப்ருக்னரால் போக முடியவில்லை. அத்தனை பெரிய படைப்பை ஆர்கெஸ்ட்ரா வாசித்து ஒருமுறைகூடக் கேட்காமலே 1896-இல் கண்மூடினார். இடைப்பட்ட ஆண்டுகளில் சும்மா இருந்தாரா? ஆறு, ஏழு, எட்டு என்று எழுதிக் குவித்தார்! கேட்க ஆள் வரட்டும், பிறகு எழுதுகிறேன் என்று நீ உட்கார்ந்திருக்கிறாயே, அது எவ்வளவு பெரிய வீண்!

அந்த 1877 அரங்கேற்றத்தில் எழுந்து போகாமல் இருந்தவர்களில் ஒருவர், பின்னாளில் பெரும் இசையமைப்பாளரான 17 வயது குஸ்தாவ் மாலர். அவரே பிறகு நண்பரோடு சேர்ந்து அந்தச் சிம்பொனியை இருவர் வாசிக்கும் பியானோ வடிவமாக்கினார். 1899-இல் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கை வைத்து ஆறாவது சிம்பொனியை மேடையேற்றியவரும் அவர்தான். அரங்கைக் காலி செய்துவிட்டுப் போன அத்தனை பேரின் பெயர் இன்று யாருக்குத் தெரியும்?

1884 டிசம்பர் 30-இல் லைப்சிக் நகரில் ஆர்தர் நிகிஷ் ஏழாவது சிம்பொனியை நடத்தினார். 60 வயதில் ப்ருக்னருக்குப் பெரும்புகழ் பிறந்தது. அத்தோடு அடி ஓய்ந்ததா? இல்லை. 1887-இல் எட்டாவதை ஏற்க மறுத்தவர், அவரை அதுவரை கொண்டாடிய இசை நடத்துநர் ஹெர்மன் லெவி! எதிரி மறுத்தால் தாங்கலாம். நம்பியவர் மறுப்பது எலும்பில் இறங்கும். ப்ருக்னர் உடைந்தே போனார். உடைந்த நிலையிலேயே மேசைக்குத் திரும்பி, முதலிலிருந்து திருத்தினார். 1892 டிசம்பர் 18, அதே வியன்னாவில், ஹான்ஸ் ரிக்டர் நடத்த, எட்டாவது சிம்பொனி வென்றது. 68 வயதுக் கிழவரின் கையில் அன்று ஒன்பதாவது ஓடிக்கொண்டிருந்தது.

உன் கையில் என்ன ஓடுகிறது? பாதியில் விட்ட அந்தப் பக்கத்தை எடு. இன்றைக்கே எடு!