சராசரிக்குள் மறையும் இருபது பேர்

98 சதவீதம் வாங்கிய பிள்ளையை யாரும் திட்டுவதில்லை. 2006-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த பிராட்பேண்ட் தர விதிகளும் 98 சதவீத நேரம் இணைப்பு இருந்தால் போதும் என்றன. 30 நாள் மாதத்துக்கு 720 மணி நேரம்; அதில் 2 சதவீதம் பதினான்கு மணி நேரத்துக்கு மேல். அதுவும் வாடிக்கையாளர் அனைவருக்கும் சேர்த்த கணக்கு. ஆயிரம் இணைப்புள்ள நிறுவனத்தில் இருபது பேருக்கு மாதம் முழுக்க நெட் வராமல், மற்ற 980 பேருக்கு ஒரு நொடிகூடத் தடைபடாமல் ஓடினாலும் சராசரி 98-தான். காலாண்டு அறிக்கையில் பொய் எதுவும் இருக்காது. அந்த இருபது பேரும் இருக்க மாட்டார்கள்.

பொய் சொல்லாமலிருப்பதும் உண்மையைச் சொல்வதும் ஒன்றா என்பதுதான் இங்கே வழக்கு.

அந்த இருபதில் ஒருவர் கோவை கணபதியில் பம்புசெட் கம்பெனி நடத்துபவர் என்று வைத்துக்கொள்வோம். குழாய் பதிக்க வந்த ஜேசிபி தெருவில் ஃபைபரை அறுத்துவிட்டது. பாலக்காட்டுக்குச் சரக்கேற்றிய லாரி வாசலில் நிற்கிறது. கேரள எல்லையிலுள்ள வாளையாரைத் தாண்ட இ-வே பில் வேண்டும். விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டியிருந்தால், 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸும் கட்டாயம். கணக்குப்பிள்ளை செல்போன் ஹாட்ஸ்பாட்டில் எப்படியோ சமாளித்துவிடுவார். ஆனால் பிசினஸ் பிளான் என்று வீட்டு இணைப்பைவிடக் கூடுதலாகக் கட்டும் பணம் சமாளிப்பதற்காக அல்ல. அறுந்த நாள் மாதத்தின் 11-ஆம் தேதியாக, அதாவது ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்குக் கடைசி நாளாக இருந்தால் இழப்பு வேறு. சராசரிக்குத் தேதி தெரியாது.

இதைவிட மோசம், புகார் எண்ணை மூடித் திறக்கும் வித்தை. பழுது சரியாகும் முன்பே ‘சரிசெய்யப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வரும். வாடிக்கையாளர் மறுபடி கூப்பிட்டால் புது எண். மூன்று நாள் பழுது காகிதத்தில் மூன்று ஒருநாள் பழுதாகிவிடும். இதைத் திறமை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஏமாற்று என்பதே பொருத்தமான பெயர்.

சிறிய இணைய நிறுவனங்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். கேபிள் டிவி தொழிலிலிருந்து ஃபைபருக்கு மாறி, ஒரு மாவட்ட அளவு உரிமத்தில் நடத்துபவர் டிராய்க்குத் தரக் கணக்கும் தொலைத்தொடர்புத் துறைக்கு வருவாய்க் கணக்கும் தர வேண்டும். சைபர் தாக்குதல் என்றால், 2022 ஏப்ரலில் வந்த, அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் உத்தரவுப்படி, தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் போயாக வேண்டும். பெரிய கம்பெனியில் இதற்கென்றே ஒரு துறை இருக்கும். அன்னூரிலோ காங்கயத்திலோ கம்பமேறும் ஆளேதான் படிவமும் நிரப்ப வேண்டியிருக்கும். நிரப்ப முடியாத படிவத்தைக் கேட்கும் அரசு, போன காலாண்டின் எண்ணையே திரும்ப எழுதப் பழக்குகிறது. அந்தப் பாவத்தில் அதற்கும் பங்குண்டு. படிவத்தைச் சுருக்கலாம், தவணையைத் தளர்த்தலாம். அறுந்த நாளை மறைக்க மட்டும் யாருக்கும் சலுகை கிடையாது.

காகிதத்துக்கும் நிஜத்துக்கும் உள்ள தூரம் கொங்கு மண்ணுக்குப் புதிதல்ல. சாயக் கழிவுநீரைத் துளியும் வெளியே விடக்கூடாது என்ற விதி இருந்தபோதே நொய்யல் ஆறு நிறம் மாறி ஓடியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆற்றின் நிறமாவது கண்ணுக்குத் தெரிந்தது. ஃபைபரில் அதுவும் இல்லை. அறிக்கையைத் தவிர வெளியாளுக்குச் சாட்சி கிடையாது.

‘ஜேசிபி அறுத்ததற்கு நாங்கள் என்ன செய்வோம்’ என்பது நியாயமான கேள்வி. ஆனால் தடங்கலை எழுதித் தருவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த டிராயின் புதிய விதிகள் தரக் கணக்கை இணையதளத்தில் வெளியிடவும் சொல்கின்றன. அதில் சராசரியோடு ஒரு நாளுக்கு மேல் இணைப்பில்லாதவர் எத்தனை பேர், எந்தப் பகுதியில், எதனால் என்பதும் இருந்தால், யார் தோண்டியதால் எத்தனை பட்டறைகள் நின்றன என்று மாநகராட்சியிடம் கேட்க, நிறுவனத்தின் கையிலேயே ஆதாரம் இருக்கும்.