ஆண்டவர் சித்தமா, நம் அசட்டையா?



சில வாரங்களுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த ஒரு சிறுவன் அழுதுகொண்டு சாமியார் பங்களாவுக்கு வந்தான். பங்களா நாய் போட்ட குட்டிகளில் ஒன்றை, இரண்டு மாதம் ஆனதும், நானே அவன் கையில் கொடுத்திருந்தேன். பத்து நாளில் அது தீனியை வெறுத்துச் சுருண்டு படுத்தது. பின் ஓயாத வாந்தி. அதன்பின் துர்நாற்றத்தோடு இரத்தக் கழிச்சல். மூன்றாம் நாள் விடியுமுன் செத்துப் போயிற்று. "ஏன் சாமி செத்துச்சு?" என்று கேட்டான். "எல்லாம் ஆண்டவர் சித்தம், தம்பி" என்று தலையைத் தடவி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "பார்வோ நோய் போலிருக்கிறது, சாமி. குட்டிக்குத் தடுப்பூசி போட்டீர்களா?" என்றார். "தாய்க்கு வெறிநோய் ஊசி போட்டிருக்கிறோமே" என்றேன். "அது வேறு நோய்க்கு, சாமி" என்றார். முந்தின நாள் சிறுவனுக்குச் சொன்ன வார்த்தை அப்போது தொண்டையில் முள்ளாய்க் குத்திற்று. நான் சொன்னது உண்மைதானா? அல்லது என் அசட்டையின்மேல் ஆண்டவர் பெயரைப் போர்த்தி மூடினேனா?

அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் ஒரு மாலுமியை உவமை காட்டுகிறார். சுக்கானைப் பிடிக்காமல் விட்டதனால் கப்பல் மூழ்கினால், அந்த நஷ்டம் மாலுமியையே சாரும். அவன் கப்பலை உடைக்கவில்லை. ஒன்றும் செய்யாதிருந்தான், அவ்வளவே. ஆயினும் பொறுப்பு அவனுடையது. ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. சுக்கானைப் பிடிக்க அவனால் முடிந்திருக்க வேண்டும். பிடிப்பது அவன் கடமையாகவும் இருந்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் நம் விஷயத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, முடிந்ததா? பூனைகளுக்கு வரும் ஒரு வைரஸுக்கு நெருங்கிய உறவான இக்கிருமி, நாய்களைத் தாக்கும் புதிய நோயாக 1978-ல் அடையாளம் காணப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் பரவிற்று. அன்று தன் குட்டியைப் பறிகொடுத்தவனை யார் குறை சொல்ல முடியும்? நோயின் பெயரே புதிது. அதற்கென்று ஊசியும் இல்லை. இத்தகைய அறியாமையை வெல்ல முடியாத அறியாமை என்பார்கள்; அதில் குற்றமில்லை. பின்னர் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லேலண்ட் கார்மைக்கேல் முதலிய அறிஞர்களின் உழைப்பால் நல்ல தடுப்பூசி கிடைத்தது. இன்று விவரம் அறிய மருத்துவரிடம் ஒரு நடை நடந்தால் போதும். கேட்டால் தெரியக்கூடியதைக் கேளாமலே இருப்பது வெல்லக்கூடிய அறியாமை. அது நம் பொறுப்பைப் போக்காது. என்னுடையது இந்த இரண்டாம் வகை.

ஆகையால் நான் கேட்டறிந்ததைச் சொல்கிறேன். குட்டிக்கு 6 முதல் 8 வாரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். பின் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் நிறையும்வரை தொடர வேண்டும். ஒன்று போட்டாயிற்றே என்று நிறுத்துவது தவறு. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி பலிக்காமல் போகலாம். அச்சக்தி எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் பலமுறை போடுகிறார்கள். ஒரு வயதுக்குள் மறுபடி ஓர் ஊசி உண்டு; அதற்குமேல் மருத்துவர் சொற்படி நடக்கலாம். ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் விடலாகாது. வாந்தியும் கழிச்சலும் கண்டால் நாளைக்கென்று ஒத்திவைக்கவும் கூடாது. சிகிச்சையின்றி விட்டால் பெரும்பாலும் மரணமே. உடனே நீரேற்றி வைத்தியம் செய்தால் பெரும்பாலானவை பிழைக்கின்றன. இந்நோய் நாயிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே பயமின்றிப் பணிவிடை செய்யலாம்.

இரண்டாவது, கடமையா? "நாய்தானே, சாமி?" என்பீர்கள். காட்டு நரியைக் காக்க நாம் கட்டுப்பட்டவர்களல்ல. நாயையோ, நாமே வீட்டுக்குக் கொண்டுவந்து கயிறு கட்டினோம். இரவெல்லாம் நமக்குக் காவல் இருக்கச் செய்தோம். அது தானாக மருத்துவரிடம் போக முடியாது. வாயில்லா ஜீவனை நம் கைக்குள் வைத்துக்கொண்ட அன்றே அதன் நலத்துக்கும் நாம் கணக்குக் கொடுக்க வேண்டியவர்களாகிறோம்.

அதோடு நிற்கவில்லை. நோயுற்ற நாயின் மலத்தில் கோடானுகோடி கிருமிகள் வெளியேறுகின்றன. நோய்க்குறி தெரியுமுன்னரே அது தொடங்கிவிடுகிறது. அவை மண்ணில் பல மாதம், ஓராண்டுக்கு மேலும், உயிரோடிருக்கும். செருப்பிலும் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு போகும். சோப்புக்கு அவை சாவதில்லை. சிமெண்டுத் தரையானால் அழுக்கை நன்கு கழுவிவிட்டு, வெளுப்புத் திரவம் 1 பங்குக்கு 30 பங்கு நீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிட வேண்டும். மண் தரையில் அதுவும் சரிவரப் பலிக்காது. ஆகவே என் அசட்டை என் வாசலோடு முடிவதில்லை. நான் முகம் அறியாத ஒரு வீட்டுக் குழந்தையின் குட்டியை அது அடுத்த ஆண்டு கொல்லலாம். பிறனுக்குத் தீங்கு செய்ய நினைக்காதிருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

ஆனால் கூலிவேலை செய்து பிழைக்கும் குடும்பத்தில் ஊசிக்குப் பணம் இல்லாமற் போகலாம். முடியாதவன்மேல் குற்றமில்லை என்று முன்னமே கண்டோம். அப்போது பொறுப்பு முடிந்தவர்கள்மேல் வருகிறது. குட்டியைக் கொடுக்கிறவர் முதல் ஊசியையாவது போட்டுக் கொடுக்கட்டும். வசதியுள்ளவர் மீதிக்கு அண்டை வீட்டாருக்கு உதவட்டும்.

உலகில் நம் கைக்கு எட்டாத துன்பங்கள் அநேகம். அவற்றின் முன்னே ஆண்டவர் சித்தம் என்று தலைவணங்குவது விசுவாசம். கைக்கு எட்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டு அதே வார்த்தையைச் சொல்வது விசுவாசமல்ல, சாக்கு.

சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் அச்சிறுவனை அழைத்தேன். "தம்பி, அன்று நான் சொன்னது சரியில்லை. உன் குட்டிக்கு நான் ஊசி போட்டிருக்க வேண்டும். தவறு என்னுடையது" என்றேன். அவன் சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "மத்தக் குட்டிகளுக்குப் போட்டாச்சா, சாமி?" என்று கேட்டான்.

போட்டாயிற்று. ஊருக்குள் கொடுத்த மூன்று குட்டிகளுக்கும் முதல் ஊசி போட்டாயிற்று. அடுத்த ஊசிக்கும் நாள் குறித்து வைத்திருக்கிறேன்.