சிக்கனம் என்பது எது?

சிக்கனத்தை நற்குணமென்று போற்றாதார் அரியர். ஆயினும் சிக்கனம் யாது என்று வினவினால் நம்மில் பலர் தடுமாறுவோம். ஒரு பொருளை அது முற்றும் பயனற்றுப் போகும்வரை விடாது வைத்துக்கொள்வது சிக்கனமா? அன்றி, உரிய காலத்தில் அதனை விட்டுவிடுவது சிக்கனமா? இவ்வினாவை வெறுஞ்சொற்களால் ஆராய்வதினும், கையால் தொட்டறியத்தக்க ஒரு பொருளைக் கொண்டு ஆராய்தல் நன்று. மலைப்பாதைகளில் ஓட்டப்படும் மிதிவண்டியின் சங்கிலியை அதற்கு எடுத்துக்கொள்வோம்.

இவ்வகை வண்டியின் வரலாறே பராமரிப்போடு பிணைந்தது. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து மரின் வட்டாரத்தில், 1970களில் இளைஞர் சிலர் பழைய கனத்த மிதிவண்டிகளைத் தேடியெடுத்துச் செப்பனிட்டு மலைச்சரிவுகளில் ஓட்டினர். 1976இல் அங்கே ஒரு சரிவில் பந்தயம் தொடங்கிற்று. இறங்கும்போது பின்சக்கரக் குடத்தினுள் இருந்த பிரேக் மிகச் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து போகும். ஓடி முடித்தபின் குடத்தைப் பிரித்துப் புதிய கிரீஸை நிரப்பியாக வேண்டும். மீண்டும் நிரப்புதல் என்னும் பொருள்பட அப்பாதைக்கு ‘ரீபேக்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. ஓட்டத்தின் இன்பமும் பேணுதலின் உழைப்பும் ஒன்றையொன்று பிரியா என்பதை அப்பெயர் உணர்த்துகிறது.

இன்றைய மலை மிதிவண்டிகளில் அத்தகைய குடபிரேக் இல்லை. சேற்றையும் மணலையும் நாள்தோறும் தாங்குவன சங்கிலியும் பற்சக்கரங்களுமே. மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்டு 1880இல் உருவாக்கிய உருளைச் சங்கிலியின் வழிவந்ததே இச்சங்கிலி. அதில் நூற்றுக்கு மேற்பட்ட ஆணிகள் உள்ளன. ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடைவெளி அரை அங்குலம். நாள்பட்ட சங்கிலி ‘நீண்டுவிட்டது’ என்பர். உண்மையில் தகடுகள் நீள்வதில்லை. ஆணிகளும் அவை அமர்ந்த துளைகளும் தேய்வதால், இணைப்புதோறும் இடைவெளி மயிரிழையளவு கூடுகிறது. ஒவ்வொன்றும் கண்ணுக்குப் புலனாகாத தேய்வு; எல்லாம் சேரும்போதே அது குற்றமாகத் தெரிகிறது. மனிதரின் தவறுகளும் பெரும்பாலும் இவ்வாறே வளர்கின்றன அல்லவா?

அத்தேய்வைத் தாமதப்படுத்த வீட்டிலேயே செய்யத்தக்க பணி எளிது. சங்கிலியைப் பழந்துணியால் பற்றிக்கொண்டு மிதியைப் பின்னோக்கிச் சுற்றி அழுக்கைத் துடைக்க வேண்டும். பின்னர் உருளை ஒவ்வொன்றின் மீதும் சங்கிலிக்குரிய எண்ணெய் ஒரு துளி இட்டு, சற்று ஊறவிட்டு, வெளியே எஞ்சியதை நன்கு துடைத்துவிட வேண்டும். பிரேக் தட்டின் மீது எண்ணெய் படலாகாது. பட்டால் பிரேக் பிடிக்காது. எண்ணெய்க்கு வேலை உள்ளே, உராயும் இடத்தில். வெளியே பளபளக்கும் எண்ணெயோ மணலைப் பற்றிக்கொண்டு இரும்பை அரைக்கும் களிம்பாகிறது. மிகுதியாகப் பூசுவதே அன்பென்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்கக் கடவர்.

எவ்வளவு பேணினும் தேய்வு நிற்பதில்லை, தள்ளிப்போகிறது, அவ்வளவே. ஆதலின் அளந்து பார்த்தல் இன்றியமையாதது. எஃகு அளவுகோலின் தொடக்கக் கோட்டை ஓர் ஆணியின் நடுவில் வைத்தால், அதற்கடுத்த 24ஆம் ஆணியின் நடு, புதிய சங்கிலியில் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அதனைவிட அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு கூடியிருந்தால் சங்கிலியை மாற்றும் காலம் வந்தது எனலாம். 8இல் ஒரு பங்கு கூடியிருந்தால், பெரும்பாலும் பற்சக்கரங்களும் கெட்டிருக்கும். தேய்ந்த சங்கிலி பற்களின் அடியில் அமராது மேலேறி, அவற்றைத் தன் குறைக்கேற்பத் தேய்க்கிறது. அதன்பின் புதுச்சங்கிலி பூட்டினாலும் அப்பற்களில் அது பொருந்தாது. செங்குத்தான ஏற்றத்தில் முழுவலிமையோடு மிதிக்கும்போது வழுக்கி, ஓட்டுபவரை நிலைகுலைத்து வீழ்த்தவும் கூடும்.

இங்கேதான் நமது வினா கூர்மையடைகிறது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சங்கிலியைக் கழற்றி எறிவது வீண்செலவன்றோ என்பர் சிலர். அது நியாயமான கேள்வியே. ஆனால் அச்சங்கிலி அதன்பின் ஓடும் ஒவ்வொரு நாளும் தன்னினும் பன்மடங்கு விலையுள்ள பற்சக்கரங்களின் ஆயுளைத் தின்றே ஓடுகிறது. சேமித்ததாக நாம் எண்ணும் பொருள், மற்றொன்றிடமிருந்து எடுக்கப்பட்ட பொருளேயாகும்.

வேறு சிலர், மலிவான பாகங்களாயின் சங்கிலியையும் சக்கரங்களையும் ஒருசேரத் தேயவிட்டு ஒருசேர மாற்றுவதே மேல் என்பர். அதனையும் நாம் மறுக்கவில்லை. விலையையும் ஓட்டும் இடத்தையும் எண்ணி, வழுக்கத் தொடங்குமுன் நிறுத்துவதென்று உறுதிகொண்டு, அறிந்தே அவ்வாறு செய்வோர் குற்றமுடையவராகார். அளக்கவும் சோம்பி, கேட்கும் ஓசையையும் கேளாதவர் போலிருந்து, அதற்குச் சிக்கனமென்று பெயர் சூட்டுவதே குற்றம். வெளிச்செயல் இரண்டிலும் ஒன்றே. உள்ளே விழிப்பு உண்டா இல்லையா என்பதே வேறுபாடு.

ஆகவே, ஒரு பொருளை எத்தனை நாள் விடாது பிடித்திருந்தோம் என்பதைக் கொண்டு சிக்கனத்தை அளத்தல் ஆகாது. அது இருக்கும் நாளெல்லாம் பேணினோமா, அதன் குறை பிறவற்றைக் கெடுக்கும் முன் அதனை விடுவித்தோமா என்பவற்றைக் கொண்டே அளத்தல் வேண்டும். பேணத் தெரிந்தவர்க்கே விடவும் தெரியும். வீட்டுப் பொருளுக்கு மட்டுமன்றி, நாம் வகிக்கும் பதவிக்கும், பற்றிநிற்கும் பழக்கத்திற்கும் இவ்வளவுகோல் பொருந்தும் என்பது நமது துணிபு.