ப்ரஸாதமும் பத்தியமும்

ஸ்ரீ:

உத்ஸவ நாட்களில் திருவாராதனம் நிறைவுற்று, தீர்த்தமும் ஸ்ரீசடகோபமும் ஸாதித்தான பிறகு, தளிகை விநியோகமாகும் வேளையில் அடியேனிடம் பலர் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சாமி, எனக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் இனிப்பைத் தொடக்கூடாது என்கிறார். பெருமாள் பொங்கலை வேண்டாம் என்றால் அபசாரம் ஆகுமா?" என்பதே அது. கேட்பவர் துறைமுகத்தில் ஓய்வு பெற்றவராக இருப்பார். எண்ணூர்ப் பக்கத்து ஆலையில் இரவு முறை முடித்து நேரே ஸந்நிதிக்கு வந்தவராக இருப்பார். இராயபுரத்திலிருந்து பேரனைக் கைப்பிடித்து வந்த பாட்டியம்மையாராகவும் இருப்பார். கேள்வி சிறியது. ஆயினும் அதனுள் பெரியதொரு தர்மவிசாரம் அடங்கியுள்ளது. நாவுக்கு இனியதை முற்றும் துறவாமல் உடலுக்கு நல்லதை உண்ண இயலுமா? பக்திக்கும் பத்தியத்துக்கும் பகை உண்டா?

இதற்கு அடியேன் முன்பெல்லாம் ஒரே விடை வைத்திருந்தேன். "பெருமாள் ப்ரஸாதம் ஒன்றும் செய்யாது, தாராளமாக ஸ்வீகரியும்" என்பேன். துறைமுகத்தில் மூட்டை சுமந்து குடும்பத்தைக் காத்த பெரியவர் ஒருவர் சனிக்கிழமை தவறாமல் ஸேவிக்க வருவார். அவர் ஒருநாள் தயங்கி நின்றபோது இதே சொல்லைச் சொல்லி, ஒன்றுக்கு இரண்டாகத் தொன்னைகளைக் கையில் வைத்தவன் அடியேன். அன்றோடு அவருடைய தயக்கம் போயிற்று. ஸந்நிதியில் இரண்டு தொன்னை. வீட்டிலும், பெருமாளுக்குக் காட்டியதுதானே என்று இனிப்புக்கு அளவில்லை. மாத்திரையையும் இடையிடையே விட்டுவிட்டார். இரண்டு ஆண்டுகளுக்குள் காலில் உண்டான புண் ஆறாமல், இரு விரல்களை எடுக்கும்படி நேர்ந்தது. அவர் அடியேனை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "என் வினை, சாமி" என்றார். அது அவருடைய பெருந்தன்மை. அந்த வினையில் அடியேனுடைய வாக்குக்கும் பங்கு உண்டு என்பதை இந்த மனம் மறக்கவில்லை. அதன் பிறகுதான், சாஸ்த்ரம் இவ்விஷயத்தில் உண்மையாகவே சொல்வது என்ன என்று அறிய, பாடசாலையில் படித்த ஏடுகளை மறுபடியும் புரட்டினேன்.

கீதையின் 17ஆம் அத்யாயத்தில் கண்ணபிரான் உணவை மூவகையாகப் பிரித்துக் காட்டுகிறான். ஆயுளையும் மனத்தெளிவையும் பலத்தையும் ஆரோக்யத்தையும் ஸுகத்தையும் ப்ரீதியையும் வளர்ப்பது ஸாத்விக உணவு. அதற்கு அவன் கூறும் அடையாளங்களில் முதலாவது 'ரஸ்யம்' என்பது. ரஸ்யம் என்றால் சுவை உள்ளது. இனிய சுவையோடு கூடியது என்றே எம்பெருமானார் தம்முடைய பாஷ்யத்தில் பொருள் அருளியிருக்கிறார். தாமஸ உணவை விவரிக்கும் இடத்தில், ஆறிப்போனது, எச்சிற்பட்டது ஆகியவற்றோடு, சுவை போனதையும் கண்ணன் சேர்த்துவிடுகிறான். ஆகவே, சப்பென்று இருப்பதே உடலுக்கு நல்லது, நாவுக்குப் பிடித்ததெல்லாம் பாபம் என்று எண்ணுவது கீதைக்கு இசைந்ததன்று.

அப்படியானால் குற்றம் எங்கே இருக்கிறது? ராஜஸ உணவைச் சொல்லும் ச்லோகத்தில் அது விளங்குகிறது. உறைப்பும் புளிப்பும் உப்பும் சூடும் மிகுந்து, துன்பத்தையும் சோகத்தையும் நோயையும் தருவது எதுவோ அது ராஜஸம். உப்பைச் சொல்லும்போது, உப்பு விஞ்சியது என்றே எம்பெருமானார் விளக்குகிறார். தவறு சுவையில் இல்லை, மிகையில் இருக்கிறது. மேலும், ஆரோக்யத்தை வளர்ப்பது என்பதும் ஸாத்விகத்தின் லக்ஷணமாகச் சொல்லப்பட்டிருப்பதால், ஒரே பொங்கல் ஓடியாடும் சிறுவனுக்கு ஸாத்விகமாகவும், சர்க்கரை நோயுற்ற முதியவருக்கு அளவு மீறும்போது ராஜஸமாகவும் ஆகும். பண்டம் ஒன்றே, உண்பவனின் நிலை வேறு. நாம் சோற்றை அமுது என்கிறோம். ரஸத்தைச் சாற்றமுது என்கிறோம். பாயஸத்தைத் திருக்கண்ணமுது என்கிறோம். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்ற பழமொழியையும் வைத்திருப்பவர்கள் நாமே அல்லவா?

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டும் திவ்யதேசம் ஒன்று உண்டு. கும்பகோணத்தை அடுத்த திருவிண்ணகரில் எழுந்தருளியிருக்கும் ஒப்பிலியப்பனுக்கு உப்பில்லாமலே தளிகை ஸமர்ப்பிக்கப்படுகிறது. பூமிப்பிராட்டியைப் பெண் கேட்டு எம்பெருமான் வந்தபோது, "என் பெண் சிறியவள், உப்பிட்டுச் சமைக்கவும் அறியாள்" என்று மார்க்கண்டேய மஹரிஷி தயங்கினாராம். உப்பில்லாததையே உவந்து ஏற்பேன் என்று பெருமான் வாக்களித்தான் என்பது ஸ்தல புராணம். அங்கே ப்ரஸாதம் ஸ்வீகரித்தவர்கள், உப்பில்லை என்ற குறையே தெரியவில்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். உப்பளங்களைக் கண்ட எண்ணூர்ப் பகுதியில் வாழும் நமக்கு இது சிறந்த பாடம். ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பைக் கொள்ளவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. ஊறுகாயும் அப்பளமும் பொட்டலத் தீனிகளும் சேர்ந்தால் அது எளிதில் கடந்துபோகும். உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு அதற்குப் பழகிவிடுகிறது. மிளகும் சீரகமும் இஞ்சியும் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் அந்தக் குறையை நிரப்பும். காஞ்சி வரதராஜன் ஸந்நிதிக் கோயில் இட்டிலியில் மிளகும் சீரகமும் சுக்கும் சேர்வதை அன்பர்கள் அறிவார்கள். அதைச் சுவையற்றது என்பார் யார்?

ஆண்டாள் நாச்சியார் காட்டிய வழி இன்னும் நுட்பமானது. திருப்பாவையின் 2ஆம் பாசுரத்தில், நோன்பு நோற்கும் பெண்கள் நெய்யையும் பாலையும் விலக்குவதாக ஸங்கல்பம் செய்கிறார்கள். 27ஆம் பாசுரத்திலோ, நெய் முழங்கை வரை வழியும் பாற்சோற்றைக் கண்ணனோடு எல்லாரும் கூடியிருந்து உண்டு குளிர்கிறார்கள். விலக்கு என்றைக்குமாக அன்று. உண்பதும் தினந்தோறும் அன்று. பல நாள் அடக்கம், ஒரு நாள் விருந்து. அதுவும் தனியே அன்று, கூடியிருந்து. நெய்யை ஆண்டாள் வெறுக்கவில்லை. அதற்கென்று ஒரு நாளைக் குறித்து வைத்தாள்.

நம்முடைய இன்றைய துன்பம், கூடாரவல்லியை நாள்தோறும் கொண்டாடுவதால் வந்தது. முன்பு துறைமுகத்தில் தோளாலும் முதுகாலும் சரக்கு இறங்கிற்று. 1983இல் கண்டெய்னர் முனையம் வந்தது. பெட்டிகளை இயந்திரங்கள் தூக்கத் தொடங்கின. உழைப்பின் வகை மாறியது. இலையில் குவியும் அன்னத்தின் அளவு மாறவில்லை. முறை முடிந்து வெளிவந்தால் வாசலிலேயே பஜ்ஜியும் சர்க்கரை மிகுந்த தேநீரும் காத்திருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டோர் சர்க்கரை நோயோடும், 31 கோடிக்கு மேற்பட்டோர் இரத்த அழுத்தத்தோடும் வாழ்வதாக மதிப்பிட்டது. இது யாரோ சிலருடைய வினை என்று ஒதுக்கிவிடக்கூடிய கணக்கன்று.

இனி, முதலில் எழுந்த கேள்விக்கு விடை கூறுவோம். ப்ரஸாதத்தைப் பசி தீரும்வரை உண்ணவேண்டும் என்று நியதி இல்லை. ப்ரஸாதம் என்ற சொல்லுக்கே அனுக்ரஹம் என்பது பொருள். அனுக்ரஹத்துக்குப் படிக்கணக்கு கிடையாது. துளஸி ஓர் இதழ், தீர்த்தம் ஓர் உத்தரணி. அவற்றை யாரும் குறைவு என்று சொல்வதில்லை. அவ்வாறே பொங்கலில் ஒரு பருக்கையைக் கண்ணில் ஒற்றி ஸ்வீகரித்து, மிகுதியை அருகில் நிற்பவருக்குக் கொடுத்தால் அது அபசாரம் ஆகாது. பாகவத கைங்கர்யமே ஆகும். இச்சரீரம் நமக்குச் சொந்தமானதன்று. கைங்கர்யத்தின் பொருட்டு எம்பெருமான் நம்மிடம் ஒப்படைத்த அவனுடைய உடைமை. அவனுடைய பொங்கலைக் காரணம் காட்டி அவனுடைய உடைமையைக் கெடுப்பது எப்படி பக்தியாகும்? மருத்துவர் சொன்ன மருந்தைக் காலந்தவறாமல் உட்கொள்வதும் அந்த உடைமையைக் காப்பதேயாகும்.

வீட்டில் செய்யவேண்டியதும் கடினமானதன்று. இலையில் கறியமுதும் கீரையும் பெருகட்டும், அன்னம் அளவாகட்டும். மாலையில் பஜ்ஜி இருந்த இடத்தில் நவராத்ரிச் சுண்டல் இருக்கட்டும். பயன் நெடுநேரம் நிற்பது என்று பொருள்படும் 'ஸ்திரம்' என்ற லக்ஷணம் சுண்டலுக்கே பொருந்தும். வெயிலில் வந்தவருக்குப் புட்டிப் பானத்தை விடப் பெருக்கிக் கடைந்த நீர்மோர் மேலானது. அக்காரவடிசிலையும் அதிரஸத்தையும் விடவேண்டியதில்லை. பண்டிகை நாளுக்கு வைத்துக்கொள்வோம். மிக உண்பவனுக்கும் யோகம் இல்லை, உண்ணவே உண்ணாதவனுக்கும் யோகம் இல்லை என்பதும் கண்ணனுடைய வார்த்தையே.

அப்பெரியவர் இன்றும் கைத்தடி ஊன்றி வருகிறார். அடியேன் அவர் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை ப்ரஸாதம் ஸாதிக்கிறேன். முதல் நாள் அவர், "இது போதுமா, சாமி?" என்று கேட்டார். "பெருமாளுக்கு இது போதும், உமக்கும் இதுவே போதும். முன்பு அடியேன் சொன்னது பிழை" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அதை வாயில் இட்டு, கண்ணை மூடி வெகுநேரம் சுவைத்தார்.

இவ்வுத்ஸவத்துக்கு எழுந்தருளும் அன்பர்கள் அனைவரும் நோயற்ற உடலும் குறைவற்ற ருசியும் பெற்று, பல்லாண்டு அவனுக்குக் கைங்கர்யம் செய்து வாழ எம்பெருமான் திருவடிகளை ப்ரார்த்திக்கிறேன்.

அடியேன்,
இராமாநுஜ தாஸன்.