ஆயாவின் நோட்டு

1998இல் ஆண்டி கிளார்க், டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவவாதிகள் ஒரு கட்டுரையில் ஓட்டோ என்றொரு கற்பனை அல்சைமர் நோயாளியைக் கொண்டுவந்தார்கள். எதையும் நோட்டில் எழுதிவைத்துப் பார்த்துக்கொள்பவர். அந்த நோட்டும் அவர் மனதின் பகுதியே என்பது அவர்கள் வாதம்.

எலவனாசூர்கோட்டையில் எங்க ஆயாவுக்கு நோட்டெல்லாம் கிடையாது, தெருதான். கோயில் மணி கேட்டால் விளக்கேற்றுவாள். எதிர்வீட்டு அக்கா “மாத்திரை போட்டீங்களா ஆயா?” என்று குரல் கொடுப்பார். வழி மாறினால் யாராவது திண்ணைக்குக் கூட்டிவந்து விடுவார்கள். மறதிநோய்க்கு நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்ட 2024 லான்செட் ஆணைய அறிக்கையில் ஆள்தொடர்பற்ற தனிமையும் ஒன்று. (ஊர்ப்பெருமை பேசவில்லை, அதே திண்ணை சாதி பார்த்தும் இடம் கொடுக்கும்.)

ஓட்டோவின் நோட்டைப் பிடுங்கினால் அநியாயம் என்போம். பத்திரமாகப் பார்த்துக்கொள்ள ஆயாவைச் சென்னை ஃபிளாட்டுக்குக் கொண்டுவருவது? அவளையே கேட்டு முடிவெடு என்கிறார்கள். எங்கே வைத்துக் கேட்பது? ஃபிளாட்டுக்கு வந்திருக்கும்போது கேட்டால் திணறுகிறாள். திண்ணையில் கேட்டால் பளிச்சென்று பதில் வருகிறது: “நான் எதுக்குடா அங்க?”